மீன் தசையும் மனிதத் தசையும்

தமிழில் 'வெலிங்டன்' என்று எழுதினால் இரண்டு இடங்களுள் எதைக் குறிக்கிறோம் என்னும் ஐயம் எழும். ஒன்று நீலகிரியில் குன்னூரை அடுத்துள்ள படைவீட்டு ஊர். நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கியது. மற்றொன்று கொச்சித் துறைமுகத்தின் நடுவே கிடக்கும் தீவு. இதன் சரியான பெயர் வில்லிங்டன் தீவு. 1919 முதல் 1924 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராகவும், 1931 முதல் 1936 வரை இந்தியாவின் வைஸ்ராயாகவும் இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயர் அதற்கு இடப்பட்டது. எனினும் நம்மவர் நாவில் அது வெலிங்டன் தீவாகவே நிலைத்துவிட்டது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் இத்தகைய பிழைகளைத் திருத்தித் திருத்தி அலுத்துப் போவது இயல்பு. ஆனால் இன்று நாம் பேசப்போகும் வரலாற்றுக்கு இரண்டு வெலிங்டன்களும் வேண்டியிருப்பதால், அந்தக் குழப்பம் ஒருவகையில் உதவியாகவே அமைகிறது.

பேச எடுத்துக்கொண்ட பொருள் தசை வளர்ச்சிக்கென்று விற்கப்படும் அமினோ அமிலப் பொடிகள். தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில், மாலை வேளையில் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் மகனோ மகளோ இருந்தால், அடுக்களை அலமாரியில் அகன்ற வாயுடைய ஒரு பெரிய டப்பாவும் இருக்கும். மாதச் சம்பளத்தில் கணிசமான ஒரு பங்கை அது விழுங்குகிறது. "இதை உண்டால்தான் பயிற்சிக்குப் பின் தசை தேறும்" என்கிறான் பிள்ளை. "சோறும் சாம்பாரும் தின்றா நாங்கள் நோஞ்சானாகிவிட்டோம்?" என்கிறாள் தாய். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல இருநூறு ஆண்டு வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் தீவுக்குப் போவோம். இயற்கை படைத்த தீவு அன்று அது. 1920ஆம் ஆண்டில் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் ஆங்கிலப் பொறியியலர் கொச்சிக்கு வந்தார். அன்று கொச்சிக் கோட்டைப் பகுதி, சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்த ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட நிலம். கடலும் காயலும் கூடும் முகத்தில் ஒரு மணல் திட்டு குறுக்கே கிடந்ததால், பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரமிட வேண்டியிருந்தது. பிரிஸ்டோ அத்திட்டை வெட்டி வழி திறந்தார். 1928 மே 26ஆம் நாள் 'பத்மா' என்னும் கப்பல் உட்துறைமுகத்தினுள் நுழைந்தது. தூர் வாரிய சேற்றையும் மணலையும் காயலிலேயே ஓரிடத்தில் கொட்டி உயர்த்தியதால் உண்டானதே இந்தத் தீவு. வேண்டாமென்று வாரிப் போட்டதிலிருந்து வேண்டியதொன்று பிறந்தது. இத்தீவின் பிற்கால வரலாற்றிலும் இதே கதை ஒருமுறை திரும்ப நடந்தது. அதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

துறைமுகத்தின் உண்மையான இயந்திரம் மனிதத் தசை. எதிர்க்கரையிலுள்ள மட்டாஞ்சேரியில் 'சாப்பா' என்றொரு கொடிய முறை வழங்கியது. காலையில் வேலைக்குக் கூடிய தொழிலாளர் கூட்டத்தின் நடுவே, ஆளெடுக்கும் மேஸ்திரிமார் உலோக வில்லைகளை வீசுவர். அடித்துப் பிடித்து எவன் ஒன்றைக் கைப்பற்றினானோ அவனுக்கே அன்று கூலி. மூட்டை தூக்கும் முன்பே ஒருவன் தன் வலிமையில் பாதியைச் சண்டையில் செலவிட வேண்டியிருந்தது. இம்முறையை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15ஆம் நாள் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர்; தொழிலாளர் உயிர் இழந்தனர். சற்றுத் தள்ளி, கொச்சிக் கோட்டைப் பகுதியின் டோபி கானாவில், தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசும் வண்ணார் குடும்பங்கள் கல்லில் துணி அடித்துத் தோள் வலித்தன. இவர்களில் எவருக்கும் 'தசை மீட்சி' என்னும் சொல் தெரியாது. கஞ்சியும் மத்திக் கறியும் ஓர் இரவு உறக்கமுமே அவர்களுடைய மீட்சி.

அதே 1953ஆம் ஆண்டில்தான் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகத் தொடங்கியது. முன்னாளில் தென்னைக்கு உரமாகக் கூடப் போன இறால் திடீரெனப் பொன்னாயிற்று. வால் தசை கப்பலேறியது. தலையும் ஓடும் கரையில் மலையாகக் குவிந்து நாறின. இறாலின் எடையில் ஏறத்தாழப் பாதி இவ்வாறு கழிவாகப் போவது. மீனைப் பதப்படுத்துவது எப்படி, கழிவைப் பயனாக்குவது எப்படி என்று ஆராய்வதற்காக 1957 ஏப்ரல் 29ஆம் நாள் கொச்சியில் மத்திய அரசு ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியது. 1967இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்த அந்நிலையம், மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயருடன் இன்று வில்லிங்டன் தீவில் மத்ஸ்யபுரி என்னுமிடத்தில் இருக்கிறது. இறால் ஓட்டிலிருந்து கைட்டின், கைட்டோசான் முதலிய பொருள்கள், மீன் குடலிலிருந்து அறுவைச் சிகிச்சைக்கான தையல் இழை, மீன் தோலிலிருந்தும் செதிலிலிருந்தும் கொலாஜன், மலிவான மீனிலிருந்து புரதப் பொடி என்று அவ்விஞ்ஞானிகள் படைத்தவை பல. வாரி எறிந்ததிலிருந்து வேண்டியது பிறந்த இரண்டாவது கதை இதுவே.

அப்பொருள்களுள் நமக்கு இன்று வேண்டுவது 'பகுத்த புரதம்'. அதைச் செய்யும் முறை எளிது. மீனை அரைத்து, நீர் கலந்து, பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெயின் போன்ற ஒரு நொதியைச் சேர்த்து, இளஞ்சூட்டில் சில நாழிகை வைப்பார்கள். முற்றிய ஆட்டிறைச்சி வேகாதபோது நம் வீட்டுப் பெண்மணிகள் பச்சைப் பப்பாளித் துண்டொன்றைப் போடுவதன் ரகசியமும் இதுவே. புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் கோத்த நெடுஞ்சங்கிலி; நொதி அச்சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. பிறகு சூடேற்றி நொதியை அடக்கி, வடிகட்டி, உலர்த்தினால் பொடி கிடைக்கும். சற்றுக் கசக்கும், சிறு துண்டுகளுக்குக் கசப்பு இயல்பு. நம் குடலிலும் இதே வேலைதான் நடைபெறுகிறது. ஆகவே வினா இதுதான்: குடல் தானே செய்யும் வேலையை ஆலை முன்னதாகச் செய்து கொடுத்தால் தசைக்கு ஏதேனும் ஆதாயம் உண்டா?

இவ்வினாவை முதன்முதலில் எழுப்பியவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர். பாரீஸ் நகரத்து ஏழைகளுக்குக் கஞ்சித் தொட்டி வைத்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எலும்பைக் காய்ச்சி எடுத்த ஜெலட்டின் இறைச்சிக்கு ஈடானது என்று சொல்லி, அந்நகரின் மருத்துவமனைகளில் சூப்பாக ஊற்றினர். அது மெய்தானா என்று ஆராய அமைந்த குழுவின் தலைவர் மகெந்தி என்னும் உடலியல் அறிஞர். ஜெலட்டினை மட்டும் தின்ற நாய்கள் மெலிந்தன. 1841இல் வெளியான அவரது அறிக்கை ஜெலட்டினை முழு உணவாக ஏற்கவில்லை. காரணம் அன்று விளங்கவில்லை, பின்னாளில் விளங்கிற்று. டிரிப்டோஃபேன் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் ஜெலட்டினில் அறவே இல்லை. இன்று மூட்டுக்கும் தசைக்கும் நல்லதென்று விற்கப்படும் கொலாஜன் பொடியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. மாட்டுத் தோலிலிருந்து வந்தாலும் மீன் செதிலிலிருந்து வந்தாலும் இக்குறை அதில் உண்டு. ஏழையின் சூப்பாக வந்தபோது குறை சொன்னவர்கள், செல்வரின் டப்பாவில் வரும்போது வாய் திறப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அடுத்து வந்தவர் ஜெர்மானியரான லீபிக். உழைக்கும்போது தசை தன்னையே எரித்து ஆற்றல் தருகிறது. ஆகவே உழைப்பாளிக்கு இறைச்சியே எரிபொருள் என்று அவர் 1842இல் உரைத்தார். அவர் பெயரால் தென் அமெரிக்காவில் இறைச்சிச் சாறு காய்ச்சும் பெருந்தொழிலே எழுந்தது. அக்கொள்கையைச் சோதிக்க ஃபிக், விஸ்லிசேனஸ் என்னும் இருவர் 1865இல் சுவிட்சர்லாந்தின் ஃபால்ஹார்ன் மலையில் ஏறினர். முதல்நாள் நண்பகலிலிருந்தே புரதமுள்ள எதையும் உண்ணாமல், மாவையும் கொழுப்பையும் கொண்டு செய்த பணியாரத்தையும் தேநீரையும் உட்கொண்டு, சுமார் 1,956 மீட்டர் உயரம் ஏறிச் சிறுநீரைச் சேகரித்து ஆராய்ந்தனர். அவ்வளவு பெரிய ஏற்றத்துக்கு உடம்பில் எரிந்த புரதம் ஆளுக்கு 37 கிராம் அளவே என்று கண்டனர். அது மலையேறும் வேலைக்குப் போதவே போதாது. மாவும் கொழுப்புமே அவர்களை மேலே ஏற்றின. புரதம் தசையைக் கட்டும் செங்கல். அடுப்பில் வைக்கும் விறகு அன்று. லீபிக்கின் கொள்கை வீழ்ந்தது; ஆயினும் அவர் பெயரிட்ட சாறு மேலும் பல்லாண்டுக் காலம் விற்றது.

எந்தச் செங்கல் எவ்வளவு வேண்டும் என்று முடிவு கட்டியவர் அமெரிக்கரான வில்லியம் ரோஸ். 1935இல் திரியோனைன் என்னும் அமிலத்தைக் கண்டறிந்து வரிசையை நிறைவு செய்த அவர், பின்னர் இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தனித்தனி அமினோ அமிலங்களையே புரதத்துக்கு மாற்றாகக் கொடுத்து, ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தார். உடம்பு தானே செய்துகொள்ள இயலாதவை எட்டு என்றார். ஹிஸ்டிடின் சேர்ந்து இன்று ஒன்பது என்கிறோம். இந்த ஒன்பதில் லூசின், ஐசோலூசின், வேலின் என்னும் மூன்றை மட்டும் பிரித்தெடுத்து விற்பதே 'கிளைச் சங்கிலி அமினோ அமிலம்' எனப்படும் இன்றைய சரக்கு.

இனி மற்றொரு வெலிங்டனுக்குச் செல்வோம். அதன் பக்கத்து ஊரான குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், 1918இல் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் உணவு ஆராய்ச்சி தொடங்கினார். இந்தியாவின் பல இனத்தார் உண்ணும் உணவை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை நிறுத்துப் பார்த்தார். சீக்கியர் உணவு தின்ற எலிகள் முதலிடம் பெற்றன; பட்டாணியர், மராட்டியர் உணவு தின்றவை அடுத்து வந்தன. கடைசியில் நின்றது மதராசி உணவு தின்ற எலி. வடநாட்டில் வாழும் நம்மவர் 'மதராசி' என்ற ஏளனத்தை எத்தனையோ முறை கேட்டிருப்பார்கள். அதற்கு விஞ்ஞான முத்திரை குத்தியதுபோல் இச்செய்தி அந்நாளில் பரவியது. ஆனால் அந்த எலிக்குக் கொடுத்தது எது? தீட்டிக் கழுவிய வெள்ளை அரிசியை முதன்மையாகக் கொண்டு, பாலும் நெய்யும் மிகக் குறைந்த உணவு. சீக்கிய எலிக்கோ தவிடு நீக்காத கோதுமை ரொட்டியும், பாலும் வெண்ணெயும், பருப்பும் காய்கறியும். அரிசி ஆலையின் உருளைகள் தேய்த்தெறிந்த சத்தும், வறுமை தட்டிப் பறித்த பாலும்தான் அங்கே குறைந்தவை. அதைத் தமிழன் உடம்பின் குறையாகப் படித்தவர்கள் மக்காரிசனைச் சரியாகப் படிக்கவில்லை.

பகுத்த புரதத்துக்குப் பெருஞ்சோதனை வந்தது வங்கத்தில். 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் கல்கத்தா வீதிகளில் வீழ்ந்து கிடந்தவர்களைக் காக்க, பப்பெயின் கொண்டு பகுத்த இறைச்சிப் புரதத்தை வாய்வழியாகவும் ஊசிவழியாகவும் செலுத்திப் பார்த்தனர். குடல் செயலிழந்தவனுக்கு, முன்கூட்டியே செரித்த உணவே மருந்து என்பது தருக்கப்படி மிகச் சரியாகத் தோன்றியது. இரண்டு ஆண்டு கழித்து, 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் பெல்சன் வதைமுகாம் மீட்கப்பட்டபோது, இதே பொருளுடன் ஜேனட் வான் என்னும் ஆங்கில மருத்துவர் குழுவொடு சென்றார். முகாமில் ஊசியென்றாலே நஞ்சு என்று அறிந்திருந்த அந்த எலும்புருக்கள் அலறின. வாய்வழியாகக் கொடுத்ததன் சுவை பொறுக்காமல் துப்பினர். வங்கப் பஞ்சத்தில் பயன்பட்ட பால்பொடிச் சர்க்கரைக் கலவையையும் அங்கே கொடுத்தார்கள். ஐரோப்பியருக்கு அது திகட்டியது. கடைசியில் கொழுப்பு நீக்கிய சாதாரணப் பாலைச் சிறுகச் சிறுகக் கொடுத்ததே நல்ல பலன் தந்தது என்று அக்குழுவினர் எழுதினர். செத்துக்கொண்டிருந்த மனிதன் குடலுக்கே பாலைச் செரிக்கும் திறன் எஞ்சியிருந்தது என்றால், காலையில் நாலு இட்லியும் நண்பகலில் முழுச் சாப்பாடும் உண்ணும் இளைஞனின் குடலைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டுமா?

இருந்தும் உலகம் புரதத்தின் மீது கொண்ட மோகம் தணியவில்லை. ஏழை நாடுகளின் குழந்தைகள் புரதக் குறையாலேயே மடிகின்றன என்று ஐக்கிய நாடுகள் சபை 1968இல் எச்சரித்தது. மீனைச் சாரமெடுத்த வெண்பொடியை மனிதர் உண்ணலாம் என்று அமெரிக்க அரசு 1967இல் அனுமதி அளித்தது. கொச்சி நிலையத்திலும் அத்தகைய பொடி செய்து பார்த்தார்கள். மணமற்ற, சுவையற்ற, மணல்போல் நறநறக்கும் அப்பொடியை உண்ண எந்த நாட்டு ஏழையும் ஆசைப்படவில்லை. இதற்கிடையே, சேலத்தில் 1918இல் பிறந்த மருத்துவ அறிஞர் சி. கோபாலன், குன்னூரிலிருந்து 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த அதே ஆராய்ச்சிச் சாலையிலிருந்து வேறொன்றைச் சொன்னார். நம் நாட்டு வறிய குழந்தைக்கு உண்ணும் உணவு முழுவதுமே போதவில்லை; வழக்கமான உணவே வயிறு நிறையக் கிடைத்தால் புரதமும் பெரும்பாலும் கூடவே வந்துவிடும் என்பது அவர் கண்ட முடிவு. 1974இல் லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் மக்லாரன் என்பார் இந்தப் புரதப் பரபரப்பு முழுவதையும் ஒரு படுதோல்வி என்றே எழுதினார்.

அப்படியானால் டப்பா எவ்வாறு வந்தது? ஜப்பானியரான கினோஷிதா, அமினோ அமிலத்தைத் தானாகவே சுரந்து கொட்டும் ஒரு நுண்ணுயிரை 1956இல் கண்டார். சர்க்கரைப் பாகை அதற்கு ஊட்டினால் குளூட்டமேட்டும் லைசினும் டன் கணக்கில் விளைந்தன. விலை சரிந்தது, சரக்கு பெருகியது, வாங்குவோரைத் தேட வேண்டியதாயிற்று. ஏழைக் குழந்தைக்கென்று பிறந்த தொழில், பணமுள்ள இளைஞனின் தோள்பட்டையைக் கண்டுபிடித்தது. 1980களில் நெடுந்தூர ஓட்டக்காரரின் மூளைச் சோர்வைக் கிளைச் சங்கிலி அமிலங்கள் தணிக்கும் என்றொரு கொள்கையும் எழுந்தது. ஸ்வீடனில் செய்த சில சோதனைகள் நம்பிக்கை ஊட்டின. பின்னர் வேறிடங்களில் செய்தவை அதை உறுதிப்படுத்தவில்லை.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். லூசின் தசை கட்டும் வேலையைத் தொடங்கி வைக்கும் மணி என்பது மெய்யே. ஆனால் மணி அடித்தபின் ஒன்பது செங்கல்லும் வந்து சேர வேண்டும். மூன்று மட்டும் வந்தால் சுவர் எழாது. கடும் பயிற்சிக்குப் பின் வரும் வலி சற்றுக் குறைந்ததாகச் சில சோதனைகள் கூறுவது உண்டு. போதிய புரதம் உண்பவனுக்கு அதனால் தனி ஆதாயம் தெளிவாகவில்லை. 2018இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு, ஆற்றலை நேரே கூட்டுவதற்குத் தக்க சான்றுள்ளவை எனக் குறித்த காபீன், கிரியாட்டின், நைட்ரேட், பீட்டா அலனின், சோடியம் பைகார்பனேட் என்னும் ஐந்தில் இந்த மூவர் கூட்டணி இடம்பெறவில்லை. இவற்றுள் பீட்டா அலனின் ஓர் அமினோ அமிலமே. ஆனால் அது புரதச் சங்கிலியில் கோக்கப்படாத வகை. சூரை முதலிய மீன்களின் தசையில் அது அன்செரின் என்னும் கூட்டுப்பொருளாக நிறையவே உண்டு.

இன்னொரு சூதும் உண்டு. ஒரு பொடியில் எவ்வளவு புரதம் உள்ளது என்பதை, 1883இல் டென்மார்க்கு நாட்டு கியெல்டால் வகுத்த முறைப்படி, அதிலுள்ள நைட்ரஜனை அளந்தே கணக்கிடும் வழக்கம் உண்டு. மலிவான கிளைசினையோ டாரினையோ கலந்துவிட்டால் நைட்ரஜன் உயரும். சீட்டில் புரத அளவும் உயர்ந்து தோன்றும். தசைக்கு ஒன்றும் சேராது. கொச்சிக்கு அருகே ஆலுவாயிலுள்ள மருத்துவமனையொன்றின் மருத்துவர் குழு, இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளை ஆராய்ந்து 2024இல் முடிவை வெளியிட்டது. ஏறத்தாழ நூற்றுக்கு 70 பொடிகளில் சீட்டில் எழுதியதும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதியே இருந்தது. நூற்றுக்கு 14இல் பூஞ்சை நஞ்சும் காணப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் ஐதராபாத்து ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் வெளியிட்ட உணவு நெறிகளில், உடம்பைப் பெருக்கப் புரதப் பொடிகளை நாட வேண்டாம் என்பது தெளிவாகவே இடம்பெற்றது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். நடமாடும் சாதாரண மனிதனுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். கடும் பயிற்சி செய்பவருக்கு 1.2 முதல் 2 கிராம் வரை வேண்டும் என்பர், 1.6 கிராமுக்கு மேல் போனால் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 60 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு அது ஏறத்தாழ 96 கிராம். 100 கிராம் மத்தி மீனில் புரதம் 20 கிராமை ஒட்டி இருக்கும். அதில் சுமார் ஆறில் ஒரு பங்கு அந்தக் கிளைச் சங்கிலி மூவர். 150 கிராம் மத்தி உண்டால், ஒரு கரண்டி விலையுயர்ந்த பொடியில் இருப்பதாகச் சொல்லும் ஐந்து கிராமும் வந்துவிடுகிறது. எஞ்சிய ஆறு அமிலங்களும் உடன் வருகின்றன. மத்தி கிடைக்காத கல்கத்தாவில் ரோகு மீன் அதே வேலையைச் செய்யும். மீனே தொடாத வீட்டில் பருப்பும் பாலும் தயிரும் முளைகட்டிய பயறும் செய்யும். அரிசியில் லைசின் குறைவு, உளுந்தில் அது மிகுதி. உளுந்தில் மெதியோனின் குறைவு, அரிசியில் அது தாராளம். இரண்டையும் ஒன்றாக அரைத்துப் புளிக்கவைத்த நம் பாட்டிமார்களுக்கு இப்பெயர்கள் தெரிந்திருக்க வழியில்லை.

தாய் வழக்கில் பெரும்பகுதி வென்றுவிட்டாள் என்றே தோன்றுகிறது, முழுமையாக அன்று. வெள்ளைச் சோறே தட்டை நிறைத்து, பருப்புக் குழம்பில் பருப்பைத் தேட வேண்டியிருக்கும் வீடுகள் வெளி மாநிலங்களிலும் குறைவில்லை. அங்கே மகன் கேட்பது நியாயமே. டப்பாவுக்குப் போகும் பணத்தைப் பால்காரருக்கும் மீன்காரருக்கும் மாற்றினால் போதும். பல் விழுந்த முதியவர், நோயில் மெலிந்து உணவு இறங்காதவர், அறுவைச் சிகிச்சைக்குப்பின் தேறுபவர் ஆகியோருக்குப் பகுத்த புரதம் மெய்யாகவே உதவக்கூடும். மத்ஸ்யபுரியின் பொடி சென்று சேர வேண்டிய இடமும் அதுவே எனலாம். சிறுநீரகக் கோளாறுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது. வாங்கியே தீருவேன் என்னும் பிள்ளையிடம், டப்பாவின் பின்புறச் சீட்டில் ஒன்பது அமினோ அமிலங்களின் அளவும் தனித்தனியே எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.